எஸ்டீம் இன்ஜினை வீட்டில் பிரித்துக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம். அதன் 1.3 லிட்டர் இன்ஜினை கோவையில் என் வீட்டு ஷெட்டிலேயே முழுக்கப் பிரித்து, லேத் வேலைகளை மட்டும் வெளியே கொடுத்து, பெயின்ட் அடித்துத் திரும்பக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்த வேலை. பதினான்கு மாதம் ஆனது. எனக்கு இது தொழில் இல்லை, ஆசை. வண்டி ஓட ஆரம்பித்ததிலிருந்து நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் வரும் அளவுகள் எஸ்டீமின் பதினாறு வால்வு ஜி13பிபி இன்ஜினுக்கு உரியவை. வேறு இன்ஜின் என்றால் முறை இதேதான், எண்கள் மாறும். கட்டும்போது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் பக்கத்தில் திறந்திருக்கட்டும்.

எஸ்டீமைப் போய் பெர்ஃபார்மன்ஸ் கார் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். 1994இல் வந்தபோது எட்டு வால்வு, கார்புரேட்டர், 65 குதிரைசக்தி. 1999 வாக்கில் பதினாறு வால்வும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐயும் வந்து 85 ஆனது. வண்டியின் எடையோ 900 கிலோவுக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் போதும். குன்னூர் மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்விஃப்ட் ஜிடிஐ என்று வெளிநாடுகளில் ஓடிய வண்டியில் இருந்த இரட்டை கேம்ஷாஃப்ட் இன்ஜினும் இதே ஜி13 குடும்பம்தான். அது சுமார் 100 குதிரைசக்தி. நம் ஊர் ராலிகளிலும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கிலும் எஸ்டீம் நிறைய ஓடியிருக்கிறது.

இன்னொரு நல்ல விஷயம், இதே ஜி13பிபி ஜிப்ஸியிலும் இருந்தது. ஜிப்ஸியில் இன்ஜின் நெட்டுவாக்கில் உட்காரும், எஸ்டீமில் குறுக்குவாக்கில். அதனால் ஆயில் சம்ப், மேனிஃபோல்டு போன்ற வெளிப்பாகங்கள் வேறுபடும். உள்ளே இருக்கும் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றே. எஸ்டீம் 2007இல் நின்றுவிட்டாலும் ஜிப்ஸி அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் விற்றதால் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் இன்னும் கிடைக்கின்றன.

என் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டுமா?

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பாருங்கள். இன்ஜினைச் சூடாக்கி, பெட்ரோல் பம்ப்பின் இணைப்பையும் இக்னிஷனையும் துண்டித்து, நான்கு ப்ளக்கையும் கழற்றி, ப்ளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஓட்ட வேண்டும். நல்ல இன்ஜின் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ காட்டும். 12க்குக் கீழே போகக் கூடாது. நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம் 1 கிலோவைத் தாண்டக் கூடாது.

என் வண்டியில் வந்த எண்கள்: 12.5, 12, 9, 11.5. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். 9 சட்டென்று 12 ஆனது. ஆயில் விட்டதும் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்பு) பக்கம் பார்க்க வேண்டும்.

புகையும் பேசும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு ஸ்டெம் சீல்தான். அதற்காக இன்ஜினை இறக்க வேண்டாம், தயவுசெய்து. மிதிக்கும்போதெல்லாம் நீலமாகத் தள்ளினால் ரிங். வெள்ளைப் புகை விடாமல் வந்து, கூலன்ட் குறைந்து, ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி படிந்திருந்தால் கேஸ்கெட்.

எவ்வளவு செலவாகும்?

தொகை சொல்ல மாட்டேன்; ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறுகிறது. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பிஸ்டன் செட், ரிங், பேரிங், கேஸ்கெட் செட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், லேத் கூலி என்று பட்டியல் போட்டு, கூட்டி, அதில் பாதியை மேலே சேர்த்து எடுத்து வையுங்கள். பிரித்த பிறகுதான் ரேடியேட்டர், இன்ஜின் மவுன்ட், கிளட்ச், ஹோஸ் எல்லாம் கண்ணில் படும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஸ்பானர், சாக்கெட் செட் எல்லோரிடமும் இருக்கும். இந்த வேலைக்கென்று தனியாக வேண்டியவை அளக்கும் கருவிகள்தான். போல்ட்டை எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்று. 25–50 மி.மீ. மைக்ரோமீட்டர் பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்குக்கு, 50–75 மி.மீ. மைக்ரோமீட்டர் பிஸ்டனுக்கு. சிலிண்டரின் உள்ளளவுக்கு போர் கேஜ். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், காந்தக் காலுள்ள டயல் கேஜ், ஹெட் சமமாக இருக்கிறதா என்று பார்க்க நேர்விளிம்புச் சட்டம். இவற்றை வாங்க முடியாவிட்டால் இரவல் வாங்குங்கள். கோவையில் தெருவுக்கு ஒரு லேத் இருக்கிறது, கேட்டால் கொடுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அளக்காமல் கட்டுவதாக இருந்தால் மட்டும் இன்ஜினைப் பிரிக்காதீர்கள்.

தூக்குவதற்கு இன்ஜின் கிரேனை வாடகைக்கு எடுங்கள். ஷெட்டின் தகர உத்திரத்தில் செயின் பிளாக்கை மாட்டித் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். உத்திரம் வளைந்து இன்ஜின் ஊஞ்சலாடியதையும் பார்த்திருக்கிறேன். அதன் அடியில் ஆள் நின்றிருந்தார்.

பிரிக்கும்போது போல்ட் எது, வயர் எது என்று எப்படி நினைவில் வைப்பது?

நினைவை நம்பாதீர்கள். ஒவ்வொரு கனெக்டரிலும் பேப்பர் டேப் ஒட்டி எண் போடுங்கள், அந்த எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். போல்ட்டுகளுக்கு நான் அட்டை வைத்துக்கொண்டேன். டைமிங் கவரின் உருவத்தை அட்டையில் வரைந்து, போல்ட் இருந்த இடத்திலேயே துளை போட்டு அந்தந்த போல்ட்டைக் குத்தி வைத்துவிட்டால் நீளம் மாறிப் போகாது. நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் முறுக்கினால் அலுமினிய பிளாக்கில் மரை போய்விடும்.

கிராங்க் பேரிங் கேப்களில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். எந்த எண் எங்கே இருந்ததோ அங்கேயேதான் திரும்பப் போக வேண்டும், அம்பு புல்லி பக்கம் பார்க்க வேண்டும். அந்தக் கேப்களை பிளாக்கோடு சேர்த்துத்தான் குடைந்திருக்கிறார்கள். இடம் மாறினால் வட்டம் வட்டமாக இருக்காது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராட்டின் கேப்களுக்கும் இதே விதி. ராட்டில் குறி இல்லை என்றால் கழற்றும் முன்பே நீங்கள் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

பாகங்களைக் காஸ்டிக் சோடாவில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

ஜி13பிபியில் கூடாது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின்களைக் காஸ்டிக் தொட்டியில் கொதிக்க வைத்து எடுப்பது பட்டறைகளில் வழக்கம். இரும்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த இன்ஜினின் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். சிலிண்டர் லைனர் மட்டும்தான் வார்ப்பிரும்பு. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும், ஹைட்ரஜன் வாயு பொங்கும்.

நான் நேரில் பட்ட அனுபவம் இது. இன்லெட் மேனிஃபோல்டை ஒரு பட்டறையில் கழுவக் கொடுத்தேன். அலுமினியம் என்று சொல்லியும் பையன் மற்ற இரும்புச் சாமான்களோடு சேர்த்துத் தொட்டியில் போட்டுவிட்டார். திரும்பி வந்தபோது கறுத்து, கேஸ்கெட் உட்காரும் முகம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் மூன்று வாரம் தேடி வேறொன்று வாங்கினேன்.

மண்ணெண்ணெய், நைலான் பிரஷ், பொறுமை போதும். கார்பன் பிடித்த இடத்துக்கு அலுமினியத்துக்கென்றே விற்கும் கார்பன் ரிமூவர் பயன்படுத்துங்கள். கேஸ்கெட் முகத்தில் இரும்புச் சுரண்டியை வைக்காதீர்கள்; மரச் சீவலோ பிளாஸ்டிக் சுரண்டியோ போதும்.

ரீபோர் அவசியமா? லேத்துக்கு எதையெல்லாம் எடுத்துப் போவது?

ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைவது. அது வேண்டுமா என்று தெரிய, சிலிண்டரை மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளக்க வேண்டும். ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. அதிகம் தேய்வது மேலே, டாப் ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான். நகத்தை வைத்து மேலிருந்து இழுத்தால் அங்கே ஒரு படி தட்டுப்படும். தேய்மானமும் கோணலும் மேனுவல் வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் (சுவரில் கல்லால் மெல்லிய கோடுகள் போடுவது) செய்து புது ரிங் போட்டாலே போதும். எனக்கு மூன்றாவது சிலிண்டர் வரம்பைத் தாண்டியிருந்தது. ஒன்றைப் போர் போட்டால் நான்கையும் போட வேண்டும், 0.50 மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போனேன்.

பிளாக்கை மட்டும் தூக்கிக்கொண்டு லேத்துக்குப் போனபோது அங்கிருந்த அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். "பிஸ்டன் கையில இல்லாம போர் போட மாட்டனுங்க தம்பி. பெட்டி மேல எழுதியிருக்கற அளவ நம்பி வெட்டறதில்ல." அவர் சொன்னதன் அர்த்தம் அடுத்த வாரம் புரிந்தது. புது பிஸ்டன் நான்கையும் அவர் கண் முன்னே அளந்தபோது ஒன்றுக்கொன்று ஐந்து, ஆறு மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) வித்தியாசம் இருந்தது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளியே 0.02 முதல் 0.04 மி.மீ.தான். அதனால் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கென்று ஒரு சிலிண்டரை ஒதுக்கி, பிஸ்டன் தலையில் மார்க்கரால் எண் எழுதி, அந்த அளவுக்கு வெட்டினார். பிஸ்டனை அளப்பது உச்சியில் இல்லை. கீழே ஸ்கர்ட் பகுதியில், பிஸ்டன் பின்னுக்கு (ராட்டைப் பிடிக்கும் ஊசிக்கு) நேர் குறுக்காக. பிஸ்டன் முழு வட்டமாக இருக்காது, அதனால்தான்.

போர் போட்ட பிறகு ஹோனிங். சிலிண்டர் சுவரில் கோடுகள் ஒன்றையொன்று ஏறக்குறைய 45 டிகிரியில் வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் ரிங் உட்காராது.

ரீபோர் செய்தால் பவர் கூடும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போர் 74, ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1299 சிசி வரும். போர் 74.5 ஆனால் 1316. கூடுவது 17 சிசி. வித்தியாசம் தெரிவது அதனால் இல்லை. இழந்துபோன கம்ப்ரஷன் திரும்ப வருவதால்.

பேரிங்கில் நிறப் புள்ளி இருக்கிறதே, எந்த நிறம் வாங்குவது?

இந்த வேலை முழுவதிலும் நான் அதிகம் ரசித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிராங்கில் ஐந்து மெயின் ஜர்னல், அதாவது பிளாக்கின் பேரிங்குகளில் சுழலும் உருண்டைப் பகுதிகள். அவற்றுக்கு இடையிலுள்ள வெப் என்ற தட்டையான பகுதியின் மீது ஐந்து எண்கள் பொறித்திருக்கும்; எல்லாம் 1, 2, 3 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 1 என்றால் அந்த ஜர்னலின் விட்டம் 44.994 முதல் 45.000 மி.மீ. வரை. 2 என்றால் 44.988 முதல் 44.994. 3 என்றால் 44.982 முதல் 44.988. தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றையும் அளந்து ஆறு மைக்ரான் வீதம் வகை பிரித்திருக்கிறார்கள். பிளாக்கிலும் இதே மாதிரி ஒவ்வொரு துளைக்கும் ஒரு குறி உண்டு. இரண்டையும் மேனுவலில் உள்ள கட்டத்தில் பொருத்திப் பார்த்தால் ஒரு நிறம் கிடைக்கும். பச்சை எல்லாவற்றையும்விட மெலிந்தது. பிறகு கறுப்பு, நிறமே இல்லாதது, மஞ்சள், கடைசியாகத் தடித்தது நீலம். ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் தடிமனில் மூன்று மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு நுணுக்கம் என்று தெரியும்.

அந்த எண்கள் வண்டி புதிதாக இருந்தபோது பொறித்தவை. லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிராங்குக்கு அவை தொடக்கம் மட்டுமே. அதனால் பேரிங் போட்ட பிறகு இடைவெளியை நேரடியாக அளக்க வேண்டும். அதற்குத்தான் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய மெழுகு இழை. ஜர்னல் மேல் ஆயிலே இல்லாமல் துடைத்துவிட்டு, இழையை நெட்டுவாக்கில் வைத்து, கேப்பைப் போட்டு 54 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, பிறகு கழற்ற வேண்டும். இடையில் கிராங்கைச் சுற்றிவிடக் கூடாது. நசுங்கிப் பரந்த இழையை உறையில் அச்சிட்ட பட்டைகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். மெயினுக்கு 0.020 முதல் 0.040 மி.மீ., ராட் பேரிங்குக்கு 0.020 முதல் 0.050.

என் கிராங்கில் நான்கு ஜர்னல் சரியாக வந்தது. மூன்றாவது மட்டும் 0.038 பட்டைக்கும் 0.051 பட்டைக்கும் நடுவில் நின்றது. அதற்கு ஒரு படி தடித்த ஜோடியை வரவழைத்துப் போட்டேன், 0.038 பட்டையோடு அச்சாகப் பொருந்தியது. அதற்கு இரண்டு ஞாயிறு போனது, போனால் போகட்டும்.

கிராங்கில் நகம் தட்டுகிற அளவுக்குக் கோடு இருந்தால் இந்த நிறக் கணக்கு உதவாது. 0.25 மி.மீ. தேய்த்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும்.

ஹெட்டில் என்ன வேலை?

சமமாக இருக்கிறதா என்று நீளத்திலும் குறுக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் சட்டத்தை வைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ. ஃபீலர் அடியில் நுழைந்தால் லேத்துக்குப் போக வேண்டும். வால்வு கைடு ஆட்டம், வால்வு சீட் இரண்டும் லேத் வேலை. சீட்டை 45 டிகிரியில் வெட்டி, மேலும் கீழும் வேறு கோணத்தில் ஒதுக்கச் சொல்லுங்கள். பிறகு வால்வைச் சீட்டில் பேஸ்ட் வைத்துத் தேய்க்கும் லேப்பிங்கை நீங்களே செய்யலாம். மாவு மாதிரி மெல்லிய பேஸ்ட் போதும். சீட்டைச் சுற்றிலும் மங்கலான சாம்பல் வளையம் ஒரே அகலத்தில் விழ வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஹெட்டைக் கவிழ்த்து, ப்ளக்கைப் போட்டு, எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். போர்ட் பக்கம் ஈரம் கசியாமல் இருந்தால் சரி. எனக்குப் பதினாறில் இரண்டு கசிந்தது, மறுபடி தேய்த்தேன்.

பவரைக் கூட்ட வேறு என்ன செய்யலாம்?

நாலு பிஸ்டனையும் நாலு ராடையும் எடை போட்டு ஒரு கிராமுக்குள் சமப்படுத்துங்கள். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். 6000 ஆர்பிஎம்மில் அதன் அருமை தெரியும். போர்ட்டில் வார்ப்பின் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால் அதை மட்டும் எடுத்து, கேஸ்கெட் துளையோடு வாயைப் பொருத்துங்கள். போர்ட்டைக் குடைந்து பெரிதாக்க வேண்டாம். நகரத்தில் ஓட்டும் வேகத்தில் இழுவை போய்விடும்.

கம்ப்ரஷனைக் கூட்ட ஹெட்டை ஒரேயடியாகச் சீவச் சொல்பவர்கள் உண்டு. சீவும்போது ஹெட் கீழே இறங்கும், டைமிங் பெல்ட்டின் வழியில் கேம் கொஞ்சம் பின்தங்கும். சாதாரண பெட்ரோலில் நாக்கிங்கும் (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து தட்டும் சத்தம்) வரும். சமப்படுத்தத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

பெயின்ட், பாலிஷ் எல்லாம் எப்படிச் செய்தீர்கள்?

ஹெட் கவருக்கு மட்டும் சுருக்க பெயின்ட். அலுமினியத்துக்கான எட்ச் ப்ரைமர் முதலில். பிறகு மூன்று கோட்: முதலாவது படுக்கைவாக்கில், இரண்டாவது நெட்டுவாக்கில், மூன்றாவது மூலைவாக்கில், இடையில் ஐந்தைந்து நிமிடம். சுருக்கம் விழச் சூடு வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் தகரத்தின் மேல் வைத்தேன். அரை மணி நேரத்தில் தோல் சுருங்குவது கண்ணெதிரே தெரிந்தது. ஐப்பசி மழையில் இதைச் செய்யாதீர்கள், ஈரக் காற்றில் பெயின்ட் வெளுத்துப் போகும்.

பிளாக்குக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. சுத்தமான அலுமினியத்தின் நிறமே எனக்குப் பிடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு என்பதால் துருவை எடுத்துவிட்டு அதிவெப்பம் தாங்கும் பெயின்ட். கண்ணாடி மணிகளை வீசிச் சுத்தம் செய்யும் பீட் பிளாஸ்டிங்கை வெளிப் பாகங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளாக்கையும் ஹெட்டையும் அதில் கொடுத்தால் கண்ணாடி மணிகள் ஆயில் வழிகளில் ஒளிந்துகொண்டு பிறகு பேரிங்கைத் தின்னும்.

வெளி போல்ட்டுகளை ஜிங்க் ப்ளேட்டிங் கொடுத்தேன், மஞ்சள் பூச்சோடு புதிது மாதிரி வந்தன. ஆனால் தலையில் 10.9 அல்லது அதற்கு மேல் போட்டிருக்கும் போல்ட்டுகளைக் கொடுக்காதீர்கள். ப்ளேட்டிங்கின்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து போல்ட்டை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். ஹெட் போல்ட், ராட் போல்ட் பக்கமே போகக் கூடாது.

எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டுங்கள். நான் அங்கே டேப் ஒட்ட மறந்துவிட்டேன். ஸ்டார்ட்டர் ஏன் முனகுகிறது என்று ஒரு மாலை முழுக்க பேட்டரியைச் சந்தேகப்பட்டேன்.

கட்டுவதற்கு முன் எவ்வளவு சுத்தம் வேண்டும்?

சோறு வடிக்கும் பாத்திரம் அளவுக்கு. ஹோனிங் முடிந்த பிளாக்கைப் பெட்ரோலில் கழுவினேன், பளபளவென்று இருந்தது. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, சுத்தமான ஆயிலில் நனைத்து, சிலிண்டர் சுவரைத் துடைத்துப் பார்த்தேன். துணி சாம்பல் நிறமானது. ஹோனிங் கல்லின் பொடி கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அதை வெளியே கொண்டுவருவதில்லை. சோப்புத் தூளும் சுடுதண்ணீரும் நைலான் பிரஷ்ஷும்தான் கொண்டுவரும். தேய்த்து, கழுவி, காற்றடித்து, வேட்டித் துணியில் பார்த்து, மறுபடி. நான்காவது முறைதான் துணி வெள்ளையாக வந்தது. உடனே ஆயில் பூசிவிட வேண்டும், இல்லையென்றால் லைனர் பத்து நிமிடத்தில் துருப்பிடிக்கும். ஆயில் வழிகளின் ப்ளக்குகளைக் கழற்றி நீண்ட பிரஷ்ஷை உள்ளே விட்டும் கழுவுங்கள்.

துடைக்க திருப்பூர் பனியன் வேஸ்ட் வேண்டாம். நூல் பிசிறு விழும், ஆயில் ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும்.

கட்டும்போது எங்கே அதிகம் தவறு நடக்கிறது?

ரிங்கில். ரிங்கை அதற்குரிய சிலிண்டரில் வைத்து, பிஸ்டனைக் கவிழ்த்துத் தள்ளி நேராக உட்கார வைத்து, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியை அளக்க வேண்டும். டாப் ரிங்குக்கு 0.20 முதல் 0.35 மி.மீ. குறைந்தால் சூட்டில் வாய் முட்டி ரிங் உடையும். ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே. பிஸ்டன் தலையின் அம்பு புல்லி பக்கம். வாய்கள் ஒன்றின் கீழ் ஒன்று வராமல் சுற்றிப் பிரித்து வையுங்கள்.

ராட் கேப் 35, ஹெட் போல்ட் 68 நியூட்டன் மீட்டர். ஒரே மூச்சில் இல்லை, படிப்படியாக, ஹெட்டில் நடுவிலிருந்து வெளியே. ஒவ்வொரு கேப்பை முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். திடீரென்று இறுகினால் கடைசியாகப் போட்ட கேப்தான் காரணம். இதைவிட எளிதாகக் கண்டுபிடிக்க வாய்ப்பு அப்புறம் கிடைக்காது. டைமிங் பெல்ட் போட்டதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே கவரைப் போடுங்கள்.

ஆர்சியில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

அதே பிளாக், அதே இன்ஜின் எண், கம்பெனி ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் தேவையில்லை. வேறு இன்ஜின் வைத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

முதல் ஸ்டார்ட் எப்படி?

ஆயில் பம்ப்பைக் கட்டும்போதே உள்ளே வாசலின் நிரப்பினேன். அப்போதுதான் அது முதல் சுற்றிலேயே ஆயிலை இழுக்கும். ப்ளக் இல்லாமல், பெட்ரோல் பம்ப்பையும் இக்னிஷனையும் துண்டித்து, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாக ஓட்டினேன். நான்காவது முறை ஆயில் விளக்கு அணைந்தது. அப்புறம்தான் ப்ளக், பெட்ரோல். தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தேன். என் மகள் எக்ஸாஸ்ட் பக்கம் நின்றாள், நான் சாவியைத் திருப்பினேன். மூன்று நொடியில் பிடித்தது. பூசி வைத்த ஆயில் எரிந்து முதலில் புகை கிளம்பும், பயப்பட வேண்டாம். "புகை நின்னுடுச்சுப்பா" என்று அவள் கத்திச் சொல்லும்வரை எனக்கு மூச்சு விட மறந்துபோயிருந்தது.

புது ரிங் பழகும் ரன்னிங்-இன் காலத்தில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டுமா?

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியறையின் அழுத்தம்தான். அதனால் ஐட்லிங்கில் நெடுநேரம் விடுவதும் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே போவதும் கெடுதல். மினரல் ஆயில் ஊற்றி, நன்றாகச் சூடேறியதும், நடு ஆர்பிஎம்மில் மிதமாக மிதித்து ஏற்றி, காலை எடுத்துத் தானாக வேகம் குறைய விட்டு, மறுபடி ஏற்றினேன். பாலக்காடு ரோட்டில் விடியற்காலையில் போய்வந்தேன். முதல் 100 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன், ஆயிலில் மெல்லிய மினுமினுப்பு இருந்தது. 500இல் மறுபடி, அப்போது இல்லை. 1000இல் வால்வு இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு கம்ப்ரஷன் எடுத்தேன்: 14, 14, 13.9, 14. அந்தத் தாளை ஷெட்டுக் கதவின் உட்புறம், பழைய எண்கள் எழுதிய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.